தூங்காத கொடி

“வீட்டுல குடிக்கிற ஆள் யாராச்சும் இருக்காங்களா?”

கம்பத்துக்காரர் போனில் இப்படிக் கேட்டதும் மலர்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னங்க, பொண்ணு குடுக்கப் போறவரு மாதிரி விசாரிக்கிறீங்க?”

“சிரிக்காத தாயி. பூக்காத கொடிக்கு மொட்டு மருந்து வேணும். எல்லார்கிட்டயும் இதக் கேட்டுட்டுத்தான் அத அனுப்புவேன்.”

கம்பத்துக்காரர் என்றால் கம்பம் ஊர்க்காரர் பாலசுந்தரம். போன வருசம் திராட்சை நாற்று கொடுத்தவர் அவர்தான். கறுப்புக் கவரில் விரல் தண்டி நாற்றுகள், ஒவ்வொன்றிலும் ரெண்டோ மூணோ இலை. ரஞ்சன்குடிக் கோட்டை தெரிகிற கொல்லையில், பருத்தியும் மக்காச்சோளமும் மட்டுமே பார்த்த கரிசல் மண்ணில், மலர்கொடியும் அவள் வீட்டுக்காரர் மணிவண்ணனும் அவற்றை நட்டார்கள். பக்கக் கிளையைக் கிள்ளிக் கிள்ளி, ஒற்றைத் தண்டாகக் கயிற்றில் ஏற்றி, கல்தூண் பந்தலில் படரவிட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. இப்போது பந்தல் முழுக்கப் பச்சை. ஒரு பூ இல்லை, ஒரு பிஞ்சு இல்லை.

“ஏன் பூக்க மாட்டேங்குது?” என்று கேட்கத்தான் போன் போட்டாள்.

“உங்க ஊரு வெயிலுக்குக் கொடி தூங்கவே தூங்காது தாயி. குளிரு ஊருல அதுவா இலைய உதுத்துட்டுத் தூங்கும், அதுவா எந்திரிக்கும். இங்க நாமதான் மொட்டையா வெட்டிப் படுக்க வைக்கணும். வெட்டுன மறுநா மொட்டுல மருந்து தடவி எழுப்பணும்.”

“எழுப்புறதுக்கும் குடிக்கிறதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“அந்த மருந்து தோலு வழியாவே உடம்புக்குள்ள போயிரும். போனது தெரியாது. அப்புறம் ஒரு மொடக்கு சாராயம் உள்ள போச்சுன்னு வையி, அப்பத் தெரியும். மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயி, மூச்சு முட்டி, நெஞ்சு தடதடன்னு அடிக்கும். எங்க ஊர்ல ஒருத்தர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, தூக்கிட்டு வந்தோம்.”

“பொழச்சுட்டாருல்ல?”

“தூக்கிட்டு வந்தோம்னுதான சொன்னேன் தாயி. நடந்து வந்தாருன்னு சொல்லலையே.”

அதற்கப்புறம் மலர்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை.

குடிக்கிற ஆள் இருந்தார். மணிவண்ணனுக்கு அண்ணன், ராசாங்கம். முனியப்பனுக்குச் சாமியாடுகிறவர். சாமி வந்தாலும் குடிப்பார், வராவிட்டாலும் குடிப்பார். தம்பி மேல் கொள்ளைப் பிரியம். கூப்பிடாமலே வந்து மம்பட்டியைப் பிடுங்கி வேலை செய்கிற மனுசன். மலர்கொடிக்கு அதுதான் பயம். மருந்து வந்த அன்றைக்கே அவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

“மாமா, ஒரு வாரத்துக்கு நீங்க பந்தல் பக்கம் வரக் கூடாது.”

“ஏன்? என் மூச்சு பட்டா திராச்ச கள்ளாயிடுமா?”

உள்ளேயிருந்து அவர் பெண்சாதி ஆண்டாயி குரல் கொடுத்தாள். “கள்ளானா நல்லதுதான. காசு மிச்சம்.”

“நான் வெளையாட்டுக்குச் சொல்லல மாமா. தொட்ட கையோட குடிச்சா உசுருக்கே ஆபத்தாம். டப்பாவுல மண்டவோடு போட்டிருக்கு.”

“நான் குடிக்கிற பாட்டில்லயுந்தான் என்னென்னமோ போட்டிருக்கு.” ராசாங்கம் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார். “சரி, வரல. மருந்து தொட மாட்டேன். முனியப்பன் மேல ஆணை, போதுமா? ஆனா கத்திப் படையலுக்கு வருவேன். அதுக்கு நான் வராம ஆரு வருவா?”

“படையலுக்கு வாங்க. பந்தலுக்கு வேணாம்.”

கத்திப் படையல் அந்தக் குடும்பத்து வழக்கம். புதுப் பயிரில் முதன்முதலாகக் கத்தி பட்டால், மறுநாள் உச்சிவேளையில், கொல்லை மூலைப் பனைமரத்தடியில் இருக்கும் முனியப்பன் கல்லுக்குக் கோழியும் சுருட்டும் பாட்டிலும் வைத்துக் கும்பிட வேண்டும். ஆம்பிளைகள் மட்டும். சமைத்து அனுப்புவதோடு பெண்களுக்கு வேலை முடிந்தது. முனி உச்சிவேளையில் அங்கே நிற்கும், பெண் காலடி பட்டால் அறைந்துவிடும் என்பார்கள். தெரிந்தவர் வீட்டில் ஒருத்தி அப்படி ரத்தம் கக்கிச் செத்தாள் என்றும் ஒரு கதை உண்டு. மலர்கொடி அந்தக் கதையைச் சந்தேகப்பட்டதே இல்லை. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பனைமரத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடப்பாள்.

மணிவண்ணனிடம் அவள் எச்சரிக்கை எதுவும் சொல்லவில்லை. அவர் குடிக்கிறவர் இல்லை. கல்யாண வீட்டில் பக்கத்தில் ஒருத்தன் குடித்திருந்தால் பந்தியில் இலையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறவர். அவரிடம் போய்க் குடிக்காதீர்கள் என்று யாராவது சொல்வார்களா?

* * *

முதல் நாள் மணிவண்ணனே கத்திரியைப் பிடித்து வெட்டினார். பச்சைப் பந்தல் சாயங்காலத்துக்குள் வெறும் குச்சியானது. வெட்டின வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது.

“ஏங்க, அழுவுதுங்க.”

“அழட்டும். நாளைக்கு எழுப்பிடுவோம்.”

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் மருந்து தடவ ஆரம்பித்தார்கள். அவள் வாளியில் கலக்கிக் கொடுத்தாள். அவர் குச்சியில் துணி சுற்றி, முக்கி, ஒவ்வொரு மொட்டாகத் தடவிக்கொண்டு போனார். மாசி வெயில் சித்திரை மாதிரிக் காய்ந்தது. பாதிப் பந்தலில் அவர் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகினார்.

“அதப் போடுங்க!”

“உள்ள வேர்வ குளமா நிக்குது மலரு. குச்சி வழுக்குது.”

“போடுங்கன்னா போடுங்க.”

“நான் என்ன எங்கண்ணனா? எனக்கு ஒண்ணும் ஆவாது.”

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. கண் மட்டும் வேலி ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது, ராசாங்கம் வந்துவிடுவாரோ என்று. அவர் வரவில்லை. ஆணையிட்டது போலவே, உச்சிவேளைக்குத்தான் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் பாட்டில். கூட ஒன்றுவிட்ட தம்பி செல்லதுரை. வெங்காய மூட்டை ஏற்றுகிற தன் குட்டி யானை வண்டியை ரோட்டில் நிறுத்திவிட்டு, கோழிக்குழம்புத் தூக்கோடு வந்தான்.

“என்னம்மா, தூரமாவே நிக்கிறேன் பாத்துக்க” என்றார் ராசாங்கம், பந்தலைக் கைகாட்டி. “ஒரு குச்சியத் தொட்டனா?”

“இல்ல மாமா.”

“அப்ப சந்தோசம். மணி, வாடா. கை காலக் கழுவிட்டு வா.”

மணிவண்ணன் வாய்க்காலில் கை கழுவிவிட்டுப் பனைமரத்தடிக்குப் போனார். மலர்கொடிக்கு நெஞ்சு லேசானது. வேலை முடிந்தது. அண்ணன் பந்தலைத் தொடவில்லை. இனிமேல் அவர் எவ்வளவு குடித்தாலும் அது ஆண்டாயி பாடு.

மோட்டார் கொட்டகையில் ஆண்டாயியும் அவளும் வாளிகளைக் கழுவினார்கள்.

“ஆனாலும் மலரு, இந்தத் தடவ மொதத் தீர்த்தம் மணி தம்பிக்கா? கேக்கவே புதுசா இருக்கு” என்றாள் ஆண்டாயி.

“என்ன தீர்த்தம்க்கா?”

“ஒனக்குத் தெரியாதா? கத்தி பிடிச்சவந்தான மொதல்ல வாங்கணும். மாமனாரு போனப்புறம் எந்தப் பயிர்லயும் மொதக் கத்தி வச்சது எங்க வூட்டு ஆளுதான். அதனால ஒன் வூட்டுக்காரரு இதுவரைக்கும் தப்பிச்சாரு. திராச்சைய வெட்டுனது அவருல்ல?”

மலர்கொடி வாளியை வைத்தாள்.

“தீர்த்தம்னா... அது என்னதுக்கா?”

“பாட்டில்லதான். சாமிக்கு வச்சது. குடிக்கிறதா அது, சாமி குடுக்குறது.”

அந்த நேரம் பனைமரத்தடியிலிருந்து சத்தம் வந்தது.

“முனியப்பா! யப்பா, வந்துட்டியா!”

செல்லதுரையும் கத்தினான். “அண்ணனுக்கு இல்ல, மணி அண்ணனுக்கு வந்துடுச்சு!”

ஆண்டாயி ஈரக்கையோடு கும்பிட்டாள். “சாமி வந்துடுச்சுடி ஒன் புருசனுக்கு! வராத ஆளுக்கு வந்துடுச்சு!”

மலர்கொடியின் கைகளும் தாமாகவே குவிந்தன. மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. பனைமரத்தடியில் மணிவண்ணன் ஆடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. வாயைத் திறந்து திறந்து மூச்சை இழுத்தார். முகம் கழுத்து வரைக்கும் செக்கச்செவேல் என்றிருந்தது.

மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயி. மூச்சு முட்டி.

கும்பிட்ட கை அப்படியே நின்றுபோனது.

“அக்கா, அது சாமி இல்லக்கா.”

“வாயக் கழுவு!”

ராசாங்கம் தம்பியின் நெற்றியில் விபூதியை அப்பினார். குனிந்து பாட்டிலை எடுத்தார். கிளாசில் நிரம்ப ஊற்றினார். சாமி வந்தால் அதற்குக் கொடுத்துத்தான் இறக்க வேண்டும். முதலில் கொடுத்தது தீர்த்தம், கொஞ்சம். இது முனிக்கு. முனிக்குக் கொஞ்சமாகக் கொடுக்க மாட்டார்கள்.

மலர்கொடி ஓடினாள்.

ஆண்டாயி பின்னாலேயே வந்து முந்தானையைப் பிடித்தாள். “அடியே, உச்சிடி! அங்க போவாத! ரத்தங் கக்கிச் செத்துடுவ!”

“விடுக்கா!”

“ரெண்டு பேரும் போயிடுவீங்கடி!”

முந்தானை கிழிந்தது. பனைமரத்தைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்கு முன்னால் அவள் கால் நின்றுவிட்டது. கல் தெரிந்தது. அதன் மேல் குங்குமம் வழிந்தது. இத்தனை வருசத்தில் அவள் அதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ராசாங்கம் கிளாசைத் தம்பி வாயருகே கொண்டுபோனார்.

கண்ணை மூடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

“மாமா, அதக் குடுக்காதீங்க!”

ராசாங்கம் திரும்பிப் பார்த்து அதிர்ந்துபோனார். “ஏய்! என்ன காரியம் பண்ணுற? வெளிய போ! சாமி நிக்குது!”

“சாமி இல்ல மாமா, மருந்து! அன்னிக்கு நான் சொன்னனே, அது!”

“மருந்த நாந்தான் தொடலையே!”

“அவரு தொட்டாரு மாமா! காலையில இருந்து அவருதான தொட்டாரு!”

“அவன் எங்க குடிச்சான்? குடிக்கிறவந்தான தொடக் கூடாதுன்ன? தீர்த்தம் குடிக்கிறதுல சேத்தியா?”

“உள்ள போறது ஒண்ணுதான மாமா!”

“என் தம்பி மேல நிக்கிறது ஆருன்னு எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா ஆடுறேன்! யப்பா, நீ ஆரு? சொல்லுப்பா! என்னா வேணும் ஒனக்கு?”

மணிவண்ணன் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஹ்ர்ர் என்று மூச்சுதான் வந்தது. கண் மேலே சொருகியது.

“பாத்தியா, உறுமுறான்! கோவமா இருக்கான். நீ உள்ள வந்த கோவம்! தள்ளு, குடுத்து எறக்கிடுறேன்.”

செல்லதுரை எட்டவே நின்று கும்பிட்டான். “அண்ணி, வந்துடுங்க அண்ணி. கெட்டது நடந்துடப் போவுது.”

கெட்டது நடந்துகொண்டிருந்தது. கிளாஸ் மணிவண்ணன் உதட்டில் பட்டது. மலர்கொடி இரண்டு கையாலும் ராசாங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். தம்பி பெண்சாதி கை, புருசனுக்கு மூத்தவர் மேல் படக்கூடாத கை. அவர் தீயைத் தொட்டவர் போல விட்டுவிட்டார். கிளாஸ் அவள் கையில் இருந்தது.

“இது சாமிக்குத்தான மாமா?”

“பின்ன?”

“சாமி அங்கதான இருக்கு?”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் திரும்பி, கிளாசைக் கல்லின் தலையில் கவிழ்த்தாள்.

குங்குமம் கரைந்து சிவப்பாக இறங்கியது. மலர்கொடி, தன் வாயில் ரத்தம் வரப்போகிறது என்று காத்திருந்தாள். புளிப்பாக ஏதோ ஊறியது. விரலிடுக்கில் சாராயம் வழிவதைப் பார்த்ததும் இன்னொரு பயம் வந்தது. அவளும் மருந்து கலக்கினவள்தானே? மண்ணை அள்ளி இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்தாள்.

பின்னால் தொம்மென்று சத்தம். மணிவண்ணன் விழுந்துவிட்டார்.

“எறங்கிடுச்சு” என்றான் செல்லதுரை மெதுவாக. “அண்ணி ஊத்துனதும் சாமி எறங்கிடுச்சு.”

ராசாங்கம் மண்டியிட்டுத் தம்பியின் நெஞ்சில் கை வைத்தார். சாமி இறங்கினவரை எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று அவருக்குத்தான் தெரியும். வைத்த கையை எடுக்கவில்லை. முகம் மாறியது.

“செல்லதொர.”

“என்னண்ணே?”

“எனக்கு எறங்குனா ஒடம்பு எப்புடி இருக்கும்?”

“ஐஸாட்டம் ஆயிடும். பொணமாட்டம் தூங்குவீங்க.”

“இவனுக்குக் கொதிக்குதுடா. நெஞ்சு ஓடுதுடா, குதிரையாட்டம் ஓடுது.” அவர் குரல் உடைந்தது. “எறங்குன சாமி எங்கயாச்சும் இப்புடி அடிக்குமா? டேய், வண்டிய எடுடா!”

“நான்... நான் இன்னும் குடிக்கலண்ணே. அடுத்து என் மொறதான்.”

“அதுக்குத்தான் சொல்றேன், ஓட்டுடா!”

* * *

குட்டி யானையின் பின்பக்கத்தில், வெங்காயச் சருகு மேல் மணிவண்ணனைக் கிடத்தினார்கள். மலர்கொடி மருந்து டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு அவர் தலையைப் பிடித்திருந்தாள். ராசாங்கம் காலைப் பிடித்திருந்தார். திருச்சி ரோட்டில் லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டு தாண்டின.

“மூச்சு இருக்கா மலரு?”

“இருக்கு.”

“இப்ப?”

“இருக்கு மாமா.”

“கொஞ்சமாத்தான் ஊத்துனேன். உள்ளங்கைக் குழியில. அவன் வேணாம்னுதான் சொன்னான். அப்பா இருந்தா இப்புடிச் சொல்லுவியாடான்னு கேட்டேன்...”

“பேசாம வாங்க மாமா.”

“இப்ப இருக்கா?”

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் அவள் பேச்சைவிட டப்பா நன்றாகப் பேசியது. டாக்டரம்மா மண்டையோட்டுக்குக் கீழே இருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதத் தொட்டுட்டு ஆல்கஹால் எடுத்தாரா? எவ்வளவு?”

“ஒரு கை, டாக்டர்.”

“மேல எதுவும் குடுக்கலையே?”

“இல்லைங்க. குடுக்க இருந்தாங்க.”

“இதுக்கு மாத்து மருந்துன்னு ஒண்ணு கிடையாதும்மா. மூச்சையும் பிரஷரையும் பாத்துக்கிட்டே இருக்கணும். விஷம் தானா இறங்கணும். உங்க கையையும் சோப்பு போட்டு நல்லாக் கழுவுங்க. நீங்க குடிப்பீங்களா?”

“ஐயோ, இல்லைங்க டாக்டர்.”

சொல்லிவிட்டு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. காலையில் கேட்டிருந்தால் மணிவண்ணனும் இதே மாதிரித்தான் சொல்லியிருப்பார், இதே குரலில்.

மூக்கில் குழாய், கையில் குழாய். பிரஷர் இறங்குகிறது என்று நர்ஸ் சொன்னபோதெல்லாம் மலர்கொடி கட்டில் கம்பியைப் பிடித்தாள். முனியப்பனிடம் வேண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முடியவில்லை. எந்த முகத்தோடு வேண்டுவது? கல்லின் தலையில் ஊற்றிவிட்டு வந்தவள் அவள். ஒருவேளை மருந்தும் இல்லாமல், சாராயமும் இல்லாமல், முனியப்பன்தான் இப்படிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால்?

ராசாங்கம் வாசலோடு நின்றுவிட்டார். எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“நான் உள்ள வரலாமா? காலையில கொஞ்சம் போட்டிருக்கேன். அவனுக்குப் பட்டுடுமோ?”

“மூச்சுக் காத்துல ஒண்ணும் ஆவாது மாமா. வாங்க.”

“வேணாம். இங்கயே நிக்கிறேன்.”

பொழுது சாய்கையில் மணிவண்ணனின் முகத்திலிருந்து சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. கண்ணைத் திறந்தார்.

“நான் குடிக்கல மலரு.”

“தெரியும்.”

“அண்ணன் கையில ஊத்துச்சு. தீர்த்தம்னு...”

“தெரியும். பேசாதீங்க.”

“நீ உள்ள வந்தியா? கனவு மாதிரி இருக்கு.”

“வந்தேன்.”

அவர் பயந்துபோய் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?”

“இதுவரைக்கும் இல்ல.”

* * *

கம்பத்துக்காரர் சொன்னபடியே, ரெண்டாவது வாரத்தில் மொட்டு வெடித்தது. குச்சி குச்சியாக நின்ற பந்தலில், பூனைக் காது மாதிரி இளஞ்சிவப்பாக நுனி நீட்டியது. சிலதில் கடுகுமணி போலப் பூங்கொத்தும் சேர்ந்தே வந்திருந்தது. மணிவண்ணன் இன்னும் வீட்டில் படுத்திருந்தார். நடந்தால் மூச்சு வாங்கியது. மலர்கொடி தனியாகத்தான் வந்து பார்த்தாள். சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். ஆறேழு மாதத்தில் மறுபடி வெட்ட வேண்டும், மறுபடி இதே மருந்தைத் தடவ வேண்டும் என்ற நினைப்புத்தான் முதலில் வந்தது. இந்த வெயிலில் கொடி தானாகத் தூங்காது, தானாக எழவும் எழாது.

ரோட்டோரத்தில் ராசாங்கம் நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் அவர் கொல்லையில் கால் வைக்கவில்லை.

“எத்தன நாளு குடிக்காம இருந்தா உள்ள வரலாம்?” என்று அங்கிருந்தே கேட்டார்.

“நீங்க எத்தன நாளா குடிக்கல?”

“அன்னிலேருந்து.”

“அப்ப வாங்க மாமா.”

வந்தார். மொட்டைப் பார்த்தார். தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மடியிலிருந்து இரண்டு சின்ன இலைப் பொட்டலங்களை எடுத்தார்.

“ஊர்ல பேசிக்கிறாங்க மலரு. உச்சியில பொம்பள மிதிச்சதுக்கு முனி பழி வாங்கும்னு. ஆண்டாயிக்குத் தூக்கமே இல்ல. அதான் பூ கட்டிக் கேட்டுடலாம்னு வந்தேன். ஒண்ணுல வெள்ளை, ஒண்ணுல செவப்பு. வெள்ளை வந்தா, அடுத்த தடவ கொடிய வெட்டுறப்ப படையல்ல தீர்த்தம் வேணாம்னு அவனே சொல்றான்னு அர்த்தம்.”

“செவப்பு வந்தா?”

அவர் பொட்டலங்களை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். இருவரும் பனைமரத்தடிக்கு நடந்தார்கள். மஞ்சள் கோடு அழிந்திருந்தது. கல்லின் தலையில் குங்குமம் வழிந்த தடம் அப்படியே காய்ந்திருந்தது. மலர்கொடி கல்லுக்கு எட்டவே நின்றாள். அன்றைக்கு அவசரத்தில் பாதிப் பயம் தெரியவில்லை. இன்றைக்கு அவசரம் எதுவும் இல்லை.

ராசாங்கம் பொட்டலங்களைக் கல்லின் முன்னால் வைத்தார். “எடும்மா. மிதிச்சவ நீதான், நீதான் எடுக்கணும்.”

அவள் குனிந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வாழைநாரின் முடிச்சில் நகத்தை வைத்தாள்.

“மாமா.”

“ம்?”

“செவப்பு வந்தா அவரு கையில மறுபடி ஊத்துவீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“சொல்லுங்க. ஊத்துவீங்களா?”

ராசாங்கம் கல்லைப் பார்த்தார். தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார், தம்பியின் நெஞ்சில் வைத்த கை அது.

“மாட்டேன்” என்றார்.

“அப்புறம் எதுக்கு மாமா இதப் பிரிக்கணும்?”

அவள் பொட்டலத்தைப் பிரிக்காமலே கல்லின் காலடியில் வைத்தாள். ராசாங்கம் மற்றதையும் அதன் பக்கத்தில் தள்ளிவைத்தார். மேலே பனையோலை சரசரத்தது.

“காத்துதான்” என்றார் ராசாங்கம்.

“ஆமா மாமா, காத்துதான்.”

இருவரும் பந்தலை நோக்கி நடந்தார்கள். கொஞ்சம் வேகமாகவே நடந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.